பேரன் தூங்காத மதியம்

எனக்கு இந்தத் தை பிறந்தால் எழுபத்து நான்கு வயது. பெற்றது ஆறு. செத்துப்போன என் தங்கையின் மகனையும் சேர்த்து வளர்த்தது ஏழு. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன். கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் பூம்பாறையில் எந்த வீட்டில் கைப்பிள்ளை விடாமல் அழுதாலும் எனக்கு ஆள் வரும். தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டு நான்கு எட்டு நடந்தால் போதும், எப்பேர்ப்பட்ட பிள்ளையும் அடங்கிவிடும் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் போன வருஷம் மார்கழியில் ஒரு மதியத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே போயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் கடைசி மகனுக்குப் பழனியில் பெண் எடுத்தோம். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் முடிந்து, மூன்று மாதம் கழித்துப் பிள்ளையோடு மலையேறி வந்தாள் என் மருமகள். வந்த நேரம் சரியான குளிர். விடிந்து பார்த்தால் பூண்டுப் பாத்தி முழுக்க உப்பைக் கொட்டியது மாதிரி உறைபனி கிடக்கும். வெயிலில் வளர்ந்த பெண், பாவம், இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருப்பாள்.

பேரனுக்கு ஒரு குறையும் இல்லை. பால் குடித்தான், முகம் பார்த்துச் சிரித்தான், எடை ஏறினான். தூக்கம் ஒன்றுதான் கோளாறு. தொட்டிலில் போட்டு ஆட்டித் தூங்கவைத்து, அப்பாடா என்று உலை வைத்தால், அரிசி வேகும் முன்னே கண்ணைத் திறந்துவிடுவான். மறுபடி தூக்கவேண்டும், மறுபடி ஆட்டவேண்டும், மறுபடி அதே கோழித்தூக்கம். பகலெல்லாம் இப்படி என்றால் இரவிலும் எழுந்து எழுந்து பால் கேட்பான். பெற்றவள் எப்போதுதான் படுப்பாள்?

பக்கத்து வீட்டில் எனக்கு மதினி முறையாகும் ஒருத்தி இருக்கிறாள், நானும் அவளுக்கு மதினிதான். என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு நாள் கேரட் கழுவிவிட்டு வந்தவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள்.

“என்ன மதினி, உங்க பேரன் தூங்குறானா, இல்ல கண்ணைச் சிமிட்டுறானா?” என்றாள்.

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே சுருக்கென்று இருந்தது.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். சாம்பிராணி போட்டேன். வசம்பைக் கோத்துக் கையில் கட்டினேன். தொட்டிலைச் சமையல்கட்டில் கட்டிப் பார்த்தேன், நடுவீட்டில் கட்டிப் பார்த்தேன். மதினி கசகசாவை அரைத்து நாக்கில் தடவச் சொன்னாள். அதற்கு மட்டும் மருமகள் பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, “அது வேணாம் அத்தை. அதைக் கொடுத்தா பிள்ளைக்கு ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கு மேல் பேச இடமில்லாத மாதிரி சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். “இந்த வயசுல நெறையப் பிள்ளைக இப்படித்தான் அத்தை துண்டு துண்டாத் தூங்குமாம். அஞ்சாறு மாசம் போனா தன்னால சரியாகுமாம். அது வரைக்கும் நாமதான் ஓட்டணும்.”

“ஏழு பிள்ளை வளத்தவகிட்ட வந்து சொல்லு” என்றேன். எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை அவள். பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பிள்ளை விழிப்பது சத்தத்தாலும் குளிராலும்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். மகனும் நம்பினான். புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறை ஒன்று எங்களுக்கு உண்டு. அந்த அறையின் கண்ணாடி ஜன்னலில் மூடுபனி நுழையாதபடி, சந்து சந்தாகப் பார்த்து அகலமான டேப் வாங்கி ஒட்டினான். காற்று வரும் மேல் ஓட்டையில் அட்டையை வெட்டிச் செருகினான். வெளியில் நாய் குரைத்தாலும் உள்ளே கேட்காது. “இப்பப் பாருங்கம்மா” என்றான். பேரன் அந்த அறையிலும் அரிசி வேகும் முன்னே விழித்துக்கொண்டான்.

நாள் போகப் போக மருமகளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுவிடும். ஒரு காலையில் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் பின்பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால், உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பிள்ளை மடியிலிருந்து நழுவி, போர்வை நுனி அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் பாய்ந்து தூக்கினேன். அவளுக்கு விழிப்பு வந்ததும் என்ன நடந்தது என்று புரிந்து, சத்தமில்லாமல் அழுதாள். “நான் நல்ல அம்மா இல்ல அத்தை” என்றாள்.

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. இன்றைக்கு இவளைத் தூங்கவைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். மகன் வெள்ளனே வண்டியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைக்குப் பால் கொடுத்ததும், “எந்திரி, உள்ள போய்ப் படு. சாயங்காலம் வரைக்கும் பிள்ளை சத்தம் உன் காதுல விழாது, அதுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

“அவன் எந்திருச்சிருவான் அத்தை.”

“எந்திரிச்சா எனக்குப் பாத்துக்கத் தெரியாதா? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஆளு நானு. எம் பேரனை அடக்க மாட்டனா? போத்தா, போய்ப் படு.”

அவள் அந்தக் கான்கிரீட் அறைக்குள் போனாள். படுத்த பிறகும் குளிர் தாங்காமல் சுருண்டுகொண்டாள். வெந்நீர் அடுப்பில் விறகு எரிந்து முடிந்து, நல்ல செக்கச் சிவந்த கனல் கிடந்தது. அதை இரும்புச் சட்டியில் அள்ளி, மேலே கொஞ்சம் கரியும் போட்டு, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளிவைத்தேன். எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் செய்வதுதான், கணப்பு என்போம். கதவைச் சாத்தினேன். பிள்ளை அழுகிற சத்தம் உள்ளே போய்விடக் கூடாதே என்று பழைய சேலை ஒன்றைச் சுருட்டிக் கதவின் அடியில் வெளிப்பக்கமிருந்து நன்றாகச் செருகினேன். செய்து முடித்து நிமிர்ந்தபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் புகையோடு பிறந்து புகையோடு வளர்ந்தவர்கள். விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கீழே புகை போடுவோம். அப்போதுதான் கெடாமல் நிற்கும். என் பிள்ளைகள் ஏழும் அந்தப் பரணுக்குக் கீழேதான் தூங்கின. புகை கண்ணைக் கரித்தால் கதவைத் திறப்போம், கரிக்காவிட்டால் பயமில்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அன்று சட்டியில் இருந்த கனலில் ஒரு இழை புகைகூட இல்லை. அதனால் சுத்தமான கனல் என்று நினைத்தேன். பழைய வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று வரப் போக இருந்தது, இந்த அறையில் அது இல்லை என்பது என் புத்தியில் படவே இல்லை.

பேரனைக் கம்பளிச் சால்வையில் பொதிந்து தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தேன். தூங்கிவிட்டான். மதினி வந்தாள். வாயில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினேன். அவளும் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த பூண்டை உதிர்க்க ஆரம்பித்தாள். எப்போதும் விழிக்கிற நேரம் நெருங்கியது. இன்றைக்குப் பார், என் தோள் சூட்டில் எப்படித் தூங்குகிறான் என்று நினைத்து முடிக்கவில்லை, கண்ணைத் திறந்துவிட்டான்.

“முழிச்சிட்டாரு மகராசா” என்றாள் மதினி.

“அதெல்லாம் தூங்குவான். ஏலே, கண்ணை மூடுல” என்று தட்டினேன். மூடவில்லை. சிணுங்கினான். பாடினேன். கோழியைக் காட்டினேன், பக்கத்து வீட்டு மாட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தான். நான் தோள் மாற்றினேன், மடியில் போட்டு ஆட்டினேன், வயிற்றைத் தடவினேன். ஒவ்வொன்றுக்கும் அழுகை கூடத்தான் செய்தது.

“பால் கேக்குறான் மதினி. அவளை எழுப்புங்க” என்றாள் மதினி.

“இப்பத்தான குடிச்சான். அவ தூங்கட்டும். நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“வாக்கு பால் கொடுக்குமா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். என் மூத்த மகள் வீடு ஊரின் அந்தக் கோடியில், பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி இருக்கிறது. அங்கே போய்விட்டால் பிள்ளைகள் இருக்கும், விளையாட்டுக் காட்டும், சாயங்காலம் வரை பொழுதை ஓட்டிவிடலாம் என்பது என் எண்ணம். மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. எதிரில் வருபவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தார்கள். ஒவ்வொருவரும் பிள்ளை அழுகிற அழுகையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண், “நீங்க தூக்கியுமா அழுகுறான்?” என்றே கேட்டுவிட்டாள்.

பாதி வழி போயிருப்பேன். அழுது அழுது அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் கழுத்தில் வாயை வைத்துத் தேடினான். தாய்ப்பாலைத் தேடுகிற வாய் அது. என் வறண்ட தோலில் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்து, முகத்தைத் திருப்பி மறுபடி அழுதான். நான் தெரு நடுவில் நின்றேன். இன்னும் இதே தூரம் நடந்தால் மகள் வீடு. போனால் என் வாக்கு நிற்கும். திரும்பினால் மதினி சிரிப்பாள், மருமகள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கிக்கொள்வாள், அதுதான் இன்னும் கஷ்டம். என்ன நினைத்தேனோ, “வாடா, உங்க அம்மாகிட்டயே போவோம்” என்று திரும்பிவிட்டேன். அவன் அழுகை என்னைத் திருப்பிவிட்டது என்று சொல்வதுதான் சரி.

வீட்டுக்கு வந்து, சேலையைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. புகை இல்லை, வாடை இல்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “ஆத்தா, எந்திரி. உம்மகன் செயிச்சிட்டான்” என்றேன்.

அவள் அசையவில்லை.

பிள்ளை என் கையில் அலறிக்கொண்டிருக்கிறது. அவன் தொட்டிலில் புரண்டாலே எழுந்துவிடுகிறவள் அவள். இத்தனை அலறலுக்கும் இமைகூட ஆடவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினேன். தலை துவண்டு விழுந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. தலையணையில் வாந்தி எடுத்திருந்தாள். எனக்கே அதற்குள் தலை கிறுகிறு என்று வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி மதினியின் மடியில் போட்டேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. மதினி எட்டிப் பார்த்தாள். பிள்ளையை அங்கே வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னோடு உள்ளே வந்தாள். இரண்டு கிழவிகளும் படுக்கை விரிப்போடு அவளைச் சேர்த்து இழுத்து வாசலில், பனியில் கிடத்தினோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

தெருவில் உருளைக்கிழங்கு இறக்கிக்கொண்டிருந்த ஜீப்பை மறித்தார்கள். மூட்டையை அப்படியே தெருவில் போட்டுவிட்டு வந்தான் அந்தப் பையன். கொடைக்கானல் போகிற வழியெல்லாம் வளைவு. அவள் தலை என் மடியில். எதிரில் மதினி பேரனை வைத்துக்கொண்டிருந்தாள். “ஜன்னலைத் திறந்து விடுங்க பாட்டி, காத்து வரட்டும்” என்று ஓட்டுகிறவன் சொன்னான். குளிர்காற்று உள்ளே அடித்தது. பேரன் அழுகையை நிறுத்தவே இல்லை. பாதி வழியில், அவளுடைய வலது கை மெல்ல எழுந்து, நெஞ்சுப் பக்கம் போய், ஸ்வெட்டர் பொத்தானைத் தேடியது. கண் திறக்கவில்லை. கை மட்டும் பால் கொடுக்கப் போனது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வாயிலும் மூக்கிலும் மூடி போட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரூமுக்குள்ள கரி வச்சீங்களா?” என்று கேட்டார். வைத்தேன் என்றேன். அப்புறம்தான் சொன்னார். கரி எரிந்தால் கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கு எட்டாத ஒரு விஷக்காற்று வருமாம். புகை இல்லாத கனலிலும் அது உண்டாம். காற்றுப் போக வழி இல்லாத அறையில் அது சேர்ந்துகொண்டே போய், தூங்குகிறவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்றார். நல்லவேளையாகப் பிள்ளை அந்த அறையில் இல்லை, பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் ஏறிவிடும் என்றும் சொன்னார்.

“எப்படித் தெரிஞ்சு போய்ப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. பேரனை என்னால அடக்க முடியல. அவகிட்ட கொடுக்கப் போனேன்” என்றேன்.

மகன் சந்தையிலிருந்து நேரே வந்து சேர்ந்தான். நடந்ததை நானே சொன்னேன், ஒன்றையும் விடாமல். ஜன்னலில் டேப் ஒட்டிய தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். இருட்டும் நேரத்தில் அவளுக்கு நினைவு தெளிந்தது. மூடியைக் கொஞ்சம் நகர்த்தி ஏதோ சொல்ல வந்தாள். காதைக் கொண்டுபோனேன்.

“தூங்கினானா அத்தை?” என்றாள்.

“எங்க தூங்குனான். எப்பவும் போலத்தான்.”

“நான்தான் சொன்னேன்ல” என்று கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்போது வந்தது பாருங்கள் எனக்கு அழுகை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வருவோர் போவோரெல்லாம் பார்க்க அழுதேன். மதினி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மகன் முதல் வேலையாக டேப்பை உரித்தான், அட்டையைப் பிடுங்கிப்போட்டான். அந்த அறைக்குள் இன்றுவரை கனல் போகாது. எங்கள் ஊரிலும் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடுகிறார்கள். குளிருக்குக் கரிச்சட்டி கேட்கிறவர்களிடம், வேண்டுமானால் இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். கிழவிக்கு என்ன வந்தது என்று அவர்கள் நினைத்தால் நினைக்கட்டும்.

பேரனின் தூக்கம் மட்டும் மாறவில்லை. நாங்கள்தான் மாறினோம். அவன் தூங்கும்போது மருமகளும் படுத்துவிடவேண்டும், பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும், துணி ஊறினால் ஊறட்டும் என்று நான் சட்டம் போட்டேன். அவன் விழித்ததும் பால் கொடுத்துவிட்டு என்னிடம் தருவாள், நான் வைத்துக்கொண்டு அவளை மறுபடி படுக்கவிடுவேன். அழுதால் வீம்பு பிடிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். விடியற்காலை முறை மகனுடையது. கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். நாய் குரைக்கும், ஜீப் போகும், மதினி வாசலில் நின்று பேசுவாள். அதற்கெல்லாம் அவன் ஒன்றும் கூடுதலாக விழிக்கவில்லை. பங்குனி கழிந்து சித்திரை நடுவில், ஒரு நாள் சோறு வடித்து, குழம்பு வைத்து, பாத்திரமும் கழுவி முடித்தேன். எட்டிப் பார்த்தால் இன்னும் தூங்குகிறான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மருமகள் பின்னால் நின்று, “நல்லாத்தான் தூங்குறான், விடுங்க அத்தை” என்றாள். அவள் சொன்ன மாதிரியே, அவனாகவே தூங்கக் கற்றுக்கொண்டான்.

ஊரில் இப்போதும் அழுகிற பிள்ளைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கிக்கொள்கிறேன். அடங்காவிட்டால், “இவனுக்கு அம்மாதான் வேணும்போல, கொண்டு போ” என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. எழுபது வருஷத்தில் நான் ஜெயித்த காரியங்கள் எவ்வளவோ இருக்கும். ஒன்றும் சரியாக நினைவில்லை. தோற்றுப்போய்ப் பாதித் தெருவில் திரும்பி நடந்தேனே, அந்த நடையைத்தான் சாமி எனக்குக் கொடுத்த வரம் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும்தான் வரும். இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல எழுதியது மூத்த மகளின் பெண். தாயி, எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. வெரசா வாசிக்காத, நிதானமா வாசி. உங்க அத்தையையும் கூப்பிடு, அவளும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும்.